சம்மனசுகளின் முதுகு

புனித ஃபெப்ரோனியா கன்னியர் மடம், பலெர்மோ
22 ஜனவரி 1703

சேசு மரி சூசை துணை.

சுதை வேலை மேஸ்திரி கஸ்பாரே திரிகோமிக்கு,

மடத்தின் கட்டடப் பொறுப்பைப் பெரிய தாயார் இந்த மாதம் என்னிடம் கொடுத்திருக்கிறார். நீர் எங்கள் பக்கம் வரக்கூடாது, நாங்கள் கோயிலுக்குள் இறங்கக்கூடாது. ஆகவே சொல்ல வேண்டியதை எழுதி, நாங்கள் பூசையில் நன்மை அப்பம் வாங்கும் சின்னச் சன்னலின் விளிம்பில் வைத்துவிடுகிறேன். பதிலையும் அங்கேயே வையும்.

முதலில் பெரிய தாயாரின் புகார். பீடத்துக்கு இடப்பக்கம் மாலையைப் பிடித்து நிற்கும் சம்மனசுக் குழந்தைக்கு, அந்தக் குட்டி வானதூதனுக்கு, துணி வேண்டுமாம். "அது ஆம்பளப் புள்ளைன்னு ஊருக்கே தெரியணுமா?" என்றார். ரிப்பன் துண்டு ஒன்று போதும். காற்று கொண்டுவந்து போட்ட மாதிரி வைத்துவிடும்.

அடுத்தது என் புகார். நாங்கள் பூசை காண்பது மேல்மாடக் கிராதிக்குப் பின்னாலிருந்து. அங்கிருந்து பார்த்தால் சுவர் உச்சியில் நீட்டியிருக்கும் கார்னிஸில் உட்கார்ந்திருக்கும் உம்முடைய குழந்தைகளில் ஒன்றின் முகம்கூடத் தெரியவில்லை. முதுகுதான் தெரிகிறது. அதுவும் ஒரு முதுகா? பாதி உடம்போடு நின்றுபோய், உள்ளே நாணலும் கம்பியும் கந்தலும் துருத்திக்கொண்டிருக்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றியதும் கசாப்புக்கடையைப் பார்ப்பது போல இருக்கிறது. வேலை முடியவில்லையா, இல்லை இப்படித்தான் முடிப்பீரா?

சகோதரி மரிய பெனெதெத்தா

*

கோயிலிலிருந்து, 25 ஜனவரி

மதிப்புக்குரிய தாயே,

என்னுடையது கரண்டி பிடிக்கிற கை. எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பன் போட்டாகிவிட்டது. பெரிய தாயார் நிம்மதியாகச் செபிக்கலாம்.

முதுகு விஷயத்தில் நான் என்ன சொல்ல? கீழே நிற்பவர்கள் பார்ப்பதற்குத்தான் எங்களை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கன்னமும் தொடையும் தொப்பையும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும். பின்னால் நிற்பது சுவர்தானே என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். அந்தச் சுவருக்குள் பார்க்கிற கண்கள் இருக்கின்றன என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

என்னைப் பற்றி உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்களோ தெரியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன அறுவடைக் காலத்தில் இங்கே வேலை செய்துகொண்டே பிரபுவின் மாளிகையிலும் ஒரு கூடத்துக்குச் சுதை பூசிக்கொண்டிருந்தேன். அவருடைய காரியஸ்தன் சாரத்தில் ஏறி வந்து என் சட்டையைப் பிடித்தான். நான் உதறினேன். பலகை வழுக்கியது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் தள்ளிக் கொன்றேன் என்கிறார் பிரபு. அன்று ஓடி வந்து இந்தக் கோயிலுக்குள் நுழைந்தவன்தான். கோயிலுக்குள் வந்து யாரும் என்னைத் தொட முடியாது. வாசற்படியைத் தாண்டினால் தூக்குமரம். "வேலை நடக்கிற வரைக்கும் நீ இந்தக் கோயில் ஆளு" என்றார் பெரிய தாயார். புனித பிளாசியுஸ் பீடத்துக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பிடிக்க வந்த சேவகர்கள் படியிலேயே குடியிருக்கிறார்கள். "மேஸ்திரி, வெளிய காத்து சும்மா பிச்சிக்கிட்டுப் போவுது, வாங்க ஒரு ஆட்டம் தாயம் போடலாம்" என்று கூப்பிடுவார்கள். "நீங்க உள்ள வாங்கப்பா, ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போங்க" என்பேன். இப்படியே பொழுது போகிறது.

தங்கள் ஊழியன்
கஸ்பாரே

*

11 பிப்ரவரி

மேஸ்திரிக்கு,

நீர் புதிதாக ஏற்றியிருக்கும் நான்கு சம்மனசுகள் வந்ததிலிருந்து இங்கே அமைதி கெட்டுவிட்டது. காரணம் நீர்தான். இவற்றில் இரண்டு திரும்பி எங்களைப் பார்க்கின்றன. வேண்டுமென்றே செய்தீரா?

ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். தெருவாசலில் சுழல் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வருகிற ரொட்டியையும் கீரையையும் பெட்டியைச் சுழற்றி உள்ளே எடுப்பவர் சகோதரி கன்திதா. எழுபது வயதாகிறது. மேளம் வைத்திருக்கும் குண்டுப் பிள்ளை தன்னுடையது என்கிறார். "அவனுக்கு என் ஜாடைடீ" என்று நேற்று சாப்பாட்டு அறையில் சொல்லி, மௌன நேரத்தில் பேசியதற்காகத் தண்டனை வாங்கினார். கட்டை விரல் சப்புகிறவனுக்காக இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. பொறுப்பில் இருப்பவள் பங்கு கேட்கலாமா?

நான் இங்கே வந்தபோது எட்டு வயது. எங்கள் அப்பாவுக்கு நான்கு பெண்கள், கட்டிக்கொடுக்க முடிந்தது ஒருத்தியை. படிக்கப் போகிறாய் என்று சொல்லி அழைத்து வந்தார். அப்போது என் தம்பி தொட்டிலில் இருந்தான். அதற்குப் பிறகு நான் ஒரு குழந்தையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன்: முழங்காலுக்கு மேலே அந்த மடிப்பு உண்மையாகவே இருக்குமா? மணிக்கட்டில் நூல் கட்டின மாதிரி ஒரு கோடு போட்டிருக்கிறீரே, அதுவும்?

இன்னொரு செய்தி. ஜூன் மாதம் பெரிய தாயாரின் காலம் முடிகிறது. அடுத்து வரப்போவது தோன்னா இசபெல்லா. அவர் பிரபுவுக்கு அத்தை. இதை உமக்குச் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சகோதரி பெனெதெத்தா

*

2 மார்ச்

மதிப்புக்குரிய தாயே,

மடிப்பு உண்டு, கோடும் உண்டு. என் மகன் மீமோவைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் செய்கிறேன். ஞாயிறு பூசைக்கு என் மனைவி மெல்கியோரா அவனைத் தூக்கி வருவாள். தூண் மறைவில் ஒரு நிமிஷம் துணியை அவிழ்த்துக் காட்டுவாள். பார்த்ததை அடுத்த ஞாயிறு வரை கையில் வைத்திருப்பேன். நான் இங்கே வந்தபோது அவன் இன்னும் பிறக்கவில்லை. அவனைக் கூரைக்குக் கீழே தவிர நான் பார்த்ததே இல்லை. வெயிலில் அவன் முடி என்ன நிறமோ.

தோன்னா இசபெல்லாவைப் பற்றிப் படித்ததை அந்த ஞாயிறே மெல்கியோராவிடம் சொன்னேன். மண்டியிட்டுச் செபமாலை உருட்டுகிற மாதிரியே பேசினாள்.

"எங்கண்ணன் படகு வெச்சிருக்கான். லிவோர்னோ போயிட்டா ஒரு பய கேக்க மாட்டான். துறைமுகம் வரைக்கும் வந்துடுய்யா, போதும்."

"எப்படிடி வர்றது? வாசல்ல நிக்கிறாங்களே."

"சன்னல் வழியா வா, கூரை வழியா வா, சுரூபத்துக்குள்ள பூந்து பவனியில வா. எனக்கென்ன தெரியும்? புருஷன் உசுரோட இருந்தும் இல்லாத வீட்டுல கெடக்கேன், அதுதான் எனக்குத் தெரியும்."

தாயே, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பூசை உடுப்புகள் வைக்கும் சக்ரீஸ்து அறையிலிருந்து மடத்துக்குள் ஒரு கதவு இருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் விறகு வாசல். சுண்ணாம்பு வண்டி அங்கேதான் வந்து நிற்கும். அந்த இரண்டு சாவியும் கட்டடப் பொறுப்பில் இருப்பவரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதியம் ஊரே தூங்குகிற நேரத்தில் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும்.

கஸ்பாரே

*

4 மார்ச்

மேஸ்திரி,

ஏணி கடன் கேட்பது போலக் கேட்டிருக்கிறீர்.

ஓர் ஆண் இந்த மடத்துக்குள் கால் வைத்தால், வைத்தவனும் விட்டவளும் திருச்சபைக்கு வெளியே. உமக்கு அது ஒரு சொல்லாக இருக்கலாம். எனக்கு இந்தச் சுவருக்குள் வேறொன்றும் கொடுக்கவில்லை, அந்தச் சபையைத் தவிர. அதையும் உமக்காக விட்டுவிடச் சொல்கிறீரா? சகோதரி கன்திதா இளம்பெண்ணாக இருந்தபோது ஒருத்தி, தோட்ட வாசலில் தன் அண்ணனோடு பேசிவிட்டு வந்தாளாம். அவளை வைத்த அறைக்குக் கதவு கிடையாது. சோறு போக ஒரு துவாரம் மட்டும். கன்திதா இன்றைக்கும் அந்தப் பக்கம் நடக்கமாட்டார்.

சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. நான் திறக்கமாட்டேன். இனி இதைக் கேட்காதேயும்.

ஆனால் உம்மைப் படியில் நிற்பவர்களிடம் கொடுக்கவும் எனக்கு மனம் இல்லை. இன்று பெரிய தாயாரை மேல்மாடத்துக்கு அழைத்துப்போய், கிழிந்த முதுகுகளைக் காட்டினேன். "சாகும்வரைக்கும் நாங்க இதைத்தான் பாக்கணுமாம்மா?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கார்னிஸில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் முதுகு வைக்கவேண்டும் என்று உத்தரவு. மெதுவாகவே செய்யும். அவசரப்பட்டால் சுதை வெடிப்பு விடுமாமே?

சகோதரி பெனெதெத்தா

*

16 ஏப்ரல்

மதிப்புக்குரிய தாயே,

மன்னிப்புக் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. கேட்டது தப்பு. கேட்டிருக்காவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும், அதுவும் நிஜம்.

சாரத்தைக் கிராதிக்கு எதிரே கட்டியிருக்கிறேன். முதுகு செய்வது முகம் செய்வதைவிடக் கடினம், தெரியுமா? முகத்தில் ஒரு சிரிப்பு வைத்துத் தப்பித்துவிடலாம். முதுகில் ஏமாற்ற முடியாது. தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் ஒரு குழி, இடுப்புக்கு மேலே இரண்டு சின்னப் பள்ளம், அப்புறம் அந்தக் குண்டி. தாயே, மன்னிக்கவும், வேறு சொல் எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ "இன்னும் கொஞ்சம் சதை வையுங்க மேஸ்திரி" என்றார். கன்திதா அம்மாவாகத்தான் இருக்கும்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். குருத்து ஞாயிறிலிருந்து மெல்கியோராவைக் கோயிலுக்குள் விடுவதில்லை. குற்றவாளிக்குத் தகவல் கொண்டு போகிறாளாம். படியிலேயே மறித்துவிடுகிறார்கள். அவள் திட்டுவது கேட்கிறது. "ஏசுவைச் சிலுவையில அடிச்சதும் ஒங்க தாத்தன்தானாடா?" என்று நேற்று சேவகர் தலைவனைக் கேட்டாள். அவன்கூடச் சிரித்துவிட்டான். வழி மட்டும் விடவில்லை.

மீமோவின் முகம் எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது. கார்னிஸில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாம் அவன்தான். ஆனாலும் மங்குகிறது.

கஸ்பாரே

*

9 மே

மேஸ்திரி,

நேற்று நடந்ததை நீர் உம் பக்கத்திலிருந்து பார்த்தீர். என் பக்கம் நடந்ததையும் உமக்குச் சொல்ல வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் என்னால் மூச்சு விட முடியாது.

தையல் அறையில் இருந்தோம். தெருவில் குழந்தை அழுகிற சத்தம். அப்புறம் உம் மனைவியின் குரல். "காய்ச்சல்ல கொதிக்குதுய்யா புள்ள, அவங்கப்பன் ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கட்டும், விடுங்கடா." யாரோ சொன்னான்: "அப்பனுக்குப் பாக்கணும்னா அப்பன் வெளிய வரட்டும்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் குழந்தையை அழவிடுகிறார்கள். அழவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

நான் ஓடினேன். இந்த மடத்தில் நான் ஓடியதே கிடையாது. சுழல் பெட்டி அறைக்குப் போனால் கன்திதா ஏற்கெனவே பலகையில் வாயை வைத்து மெல்லப் பேசிக்கொண்டிருக்கிறார்: "இந்தாம்மா, இங்க வா. அவனுங்க அந்தப் பக்கம் பாக்கறப்போ புள்ளைய இதுக்குள்ள வெய். காய் வெக்கிற மாதிரி வெய். பயப்படாதே." பெட்டி சுழன்றது. கீரை வருகிற இடத்தில் உம் மகன் வந்தான்.

அவனைப் பார்த்ததும் ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. உம்முடைய சம்மனசுகள் எல்லாம் கைகாலை வீசிக்கொண்டு அம்மணமாகப் பறக்கின்றன. இவனோ கழுத்திலிருந்து கால்வரை துணிப்பட்டையில் இறுகச் சுற்றி, மெழுகுவர்த்தி மாதிரி இருந்தான். முகம் மட்டும் செக்கச் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. நான் அவன் கட்டை அவிழ்த்தேன். செய்யலாமா கூடாதா என்று தெரியாது. அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று விழுந்ததும் இரண்டு கால்களையும் உதைத்து நீட்டி, அழுகையை நிறுத்தி, என்னைப் பார்த்தான். பிறகு என் அங்கி முழுவதும் ஒன்றுக்குப் போனான். கன்திதா உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

மேஸ்திரி, உம்முடைய பிள்ளைகளுக்குக் கனம் இல்லை. கயிறு கட்டித் தூக்கி வைக்கிறீர். இவன் என் தோளில் சாய்ந்தபோது இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டேன். இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஈரத்துணியால் துடைத்து, என் முக்காட்டில் தளர்வாகச் சுற்றி, கூடத்தைக் கடந்து, எல்லாரும் பார்க்க நடந்து வந்தேன். நன்மை வாங்கும் சன்னலில் அவனை நீட்டியபோது உம் கைகள் மட்டும் தெரிந்தன. சுண்ணாம்பு அரித்து நகமெல்லாம் வெடித்திருக்கின்றன. மருந்து அனுப்புகிறேன்.

திரும்பக் கொடுக்க உமக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டு போக எனக்கும் மனம் வரவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

பெனெதெத்தா

*

12 மே

தாயே,

அந்தச் சத்தம் கேட்டபோது நான் வாசலில்தான் நின்றேன். வலது கால் படிக்கு வெளியே. சேவகர் தலைவன் என் காலையே பார்த்தான், நாய் எலும்பைப் பார்ப்பது போல. இன்னும் ஒரு தடவை மீமோ அழுதிருந்தால் போயிருப்பேன். திடீரென்று அழுகை நின்றது. செத்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் சன்னலில் யாரோ தட்டினார்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டதாம். மெல்கியோரா தெருவில் நின்று எனக்குக் கேட்கிற மாதிரிப் பாட்டு மாதிரிச் சொன்னாள். "கட்டை அவுத்து விட்ட மகராசி யாருன்னு கேளுய்யா, இப்ப கட்டவே விடமாட்டேங்கறான், ஒதைக்கறான்!" என்றாள். அந்த மகராசிக்கு என் கையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மருந்துக்கு நன்றி.

கஸ்பாரே

*

8 ஜூலை

கஸ்பாரே மேஸ்திரி,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், சன்னல் விளிம்பை இப்போது வேறொருவர் துடைக்கிறார். இந்தத் தாளைச் சாந்துக்கு நறுக்கிய வைக்கோல் கூடையில் வைத்து அனுப்புகிறேன்.

தோன்னா இசபெல்லா பதவி ஏற்றதும் முதலில் கேட்டது குழந்தை விஷயத்தை. கன்திதாவைச் சுழல் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, வேறு யாருக்கும் அந்தக் குளிர் அறை பிடிக்காது என்பதால். எனக்கு ரொட்டியும் தண்ணீரும், தரையில் சாப்பாடு. அது பரவாயில்லை. நேற்று எங்கள் எல்லாரையும் கூட்டி, கோயில் வேலை முடிந்துவிட்டது என்று அறிவித்தார். "திருவிழா முடிஞ்ச மறுநாள் சாரத்தைப் பிரிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த ஆளு நம்ம பொறுப்பு இல்ல" என்றார். பிறகு தன் அண்ணன் மகனான பிரபுவுக்கு ஆள் அனுப்பினார். என் சாவிகளையும் சாரம் பிரிக்கிற அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும்.

நான் முன்பு உமக்கு எழுதியதை மறக்கவில்லை. அன்று எழுதியதெல்லாம் உண்மை. இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாரம் பிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் செபமாலை சொல்ல முடியாது.

திருவிழாவின் கடைசி நாள், நம் ஊர்ப் புனிதை ரோசாலியம்மாளின் தேரைப் பார்க்க ஊர் முழுவதும் கடற்கரைச் சாலையில் இருக்கும். படியில் ஒருவனோ இருவரோதான் மிஞ்சுவார்கள். மதியம் எங்கள் ஓய்வு மணி அடித்ததும் சக்ரீஸ்து கதவைத் தள்ளிப் பாரும், திறந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிடும். இடது கைப்பக்கம் கிணறு, அதைத் தாண்டி எலுமிச்சை மரங்கள், அப்புறம் விறகு வாசல். மனைவிக்குச் சொல்லியாயிற்று, கன்திதா ரொட்டிக்காரி மூலம் சொன்னார்.

என்னைத் தேடாதேயும். நன்றி சொல்ல நிற்காதேயும்.

பெ.

*

லிவோர்னோ
3 நவம்பர் 1703

அன்பும் மதிப்பும் நிறைந்த தாயே,

என் மச்சான் படகு மறுபடி பலெர்மோ வருகிறது. இதைச் சுழல் பெட்டியில் வைத்து, கன்திதா அம்மாவிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கைக்கு வருமோ வராதோ.

மூவரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். அன்று நான் கதவைத் தள்ளியதிலிருந்து படகில் விழுந்தது வரைக்கும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எலுமிச்சை வாசனை மட்டும் நினைவிருக்கிறது. தோட்டத்து மூலையில் உங்கள் வெள்ளை அங்கி தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் போனேன், நீங்கள் சொன்னபடி.

இங்கே என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சு, கிட்டங்கிகளுக்குத் தளம், இப்படி வேலை. சம்மனசு செய்யத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஊர் மேஸ்திரி என்று கேட்பார்கள். மீமோ நடக்கிறான். வெயிலில் அவன் முடி செம்பட்டையாக இருக்கிறது. அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உங்கள் நினைவு வருகிறது. சுகமாக இருக்கிறது என்று சொல்வதா, குத்துகிறது என்று சொல்வதா தெரியவில்லை.

மெல்கியோரா ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "வாசல்தான் தெறந்து கெடந்துச்சே. அந்த அம்மா ஏன் கூடவே வரல? நீயாவது கூப்ட்டியா?" நான் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

உங்களை என்ன செய்தார்கள்? ஒரு வரி எழுதுங்கள். படகு கிறிஸ்துமஸ் வரை துறைமுகத்தில் நிற்கும்.

உங்கள் கஸ்பாரே

*

புனித ஃபெப்ரோனியா மடம்
19 டிசம்பர் 1703

அன்புள்ள கஸ்பாரே,

உம் கடிதம் கன்திதாவின் தலையணைக்கடியில் மூன்று வாரம் இருந்தது. அதை வாங்கிவைத்த கையோடு அவருக்கு நடமாட்டம் நின்றுவிட்டது. நோயாளிகள் அறையில் இருக்கிறார். நானும் அங்கேதான் இருக்கிறேன், அவர்களைப் பார்த்துக்கொள்ள. ஆகவே கவலைப்படாதேயும். எனக்கு அறையும் உண்டு, அதற்குக் கதவும் உண்டு.

நீர் போன அன்று மாலையே நான் தோன்னா இசபெல்லாவிடம் போய், நான்தான் திறந்தேன் என்று சொன்னேன்.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல, தாயே."

"அப்ப நீ தெறக்கல" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. மடத்துக்குள் ஒரு கொலைகாரன் நடந்து போனான் என்று தெரிந்தால் பேராயர் விசாரிப்பார், மடத்தின் பெயர் கெடும், அவர் பெயரும் கெடும். நீர் கூரை வழியாகத் தப்பினீர் என்று பிரபுவுக்குச் சொல்லி அனுப்பினார். இரண்டு ஓடுகளைக்கூட உடைத்து வைத்தார்கள். எங்கள் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போனேன். அவரிடமும் முன்பே பேசியிருக்கிறார்கள். "வீண் கற்பனை, மகளே, தூக்கம் போதவில்லை" என்றார். ஆக, நான் செய்த ஒரே காரியத்தை நான் செய்யவில்லை. தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மேல்மாடத்துக்கு ஏற மட்டும் அனுமதி இல்லை. பூசைச் சத்தம் கீழ்ச்சுவர் வழியாகக் கேட்கிறது. இருப்பதைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

உம் மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லவே எழுதுகிறேன். உம்மை அவர் கோபிக்க வேண்டாம். நீர் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நானே வெளியே போனேன்.

நீர் சந்து முனையில் திரும்பியதைப் பார்த்தேன். வாசலைச் சாத்தக் கை வைத்தவள் சாத்தவில்லை. அதைத் தாண்டி நடந்தேன். சந்து நான் நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. ஓர் இடத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலே போனது, ஒன்று இறங்கியது. எங்கள் அப்பா வீடு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். கடல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உம்மைப் பின்தொடர நினைத்தேன், ஆனால் நீர் எதில் போனீர் என்று நான் கவனிக்கவில்லை. வெயிலில் கண் கூசியது. தலைக்கு மேலே கூரையோ மரமோ இல்லாமல் நின்று எனக்குப் பழக்கமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் துணி பிழிந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து வந்தாள்.

"ஐயோ தாயே, வழி தப்பிட்டீங்களா?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"பயப்படாதீங்க. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. நான் எங்கே போகவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. என் அங்கியைப் பார்த்தாலே தெரிகிறதே. வழியெல்லாம் தேரைப் பற்றிப் பேசினாள், இந்த வருஷம் பூ குறைவு என்றாள், மாமியார் தேர் பார்க்கப் போய்விட்டாள், தன்னால் போகமுடியவில்லை என்றாள். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் இருக்கக்கூடாதா என்று இருந்தது. விறகு வாசல் வந்தது. என்னை உள்ளே விட்டு, கதவைத் தானே இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து சொன்னாள்:

"தாழ் போட்டுக்கோங்க தாயே. ஊரு கெட்டுக் கெடக்கு."

போட்டுக்கொண்டேன்.

இனி எழுத வேண்டாம், கஸ்பாரே. சுழல் பெட்டியில் இப்போது இருப்பவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறார். மெல்கியோராவுக்கும் மீமோவுக்கும் என் அன்பு.

பெனெதெத்தா